கூழ் ஊத்துற அன்னிக்கு மண்டபத்துல ஒரு டேபிள் போட இடம் குடுங்க

நம்ம தெரு மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழா கமிட்டி தலைவரண்ணன், பொருளாளர் மாமா, மத்த மெம்பருங்க எல்லாருக்கும் வணக்கம்.

நேர்ல வந்து பேசலாம்னுதான் இருந்தேன். ஆனா நேர்ல பேசினா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும், நான் ரெண்டு வார்த்தை சொல்றதுக்குள்ள மைக்செட் அட்வான்ஸ், பந்தல்காரர் பாக்கி, சேலம் குகையில நடக்கற வண்டி வேடிக்கைக்கு எத்தன மணிக்கு கெளம்பறதுன்னு பேச்சு எங்கயோ ஓடிப்போயிடும், அப்புறம் டீ வரும், குடிச்சுட்டு எந்திரிச்சுடுவோம். அதான் எழுத்துல போடுறேன். தெருவுல எல்லாரும் படிக்கட்டும்னுதான் பொதுவுல போடுறேன், கோவிச்சுக்காதீங்க.

விசயம் போன ஆடி மாசத்தோடது. கூழ் ஊத்துறதுக்கு பத்து நாள் முன்னாடி நர்ஸம்மா ஒருத்தங்க கோயிலுக்கு வந்தாங்க ஞாபகம் இருக்கா, கூழ் ஊத்துற ஞாயித்துக்கெழம மண்டபத்துல ஒரு ஓரமா டேபிள் போட்டுக்கறோம், இந்தப் பக்கத்துல தட்டம்மை ஊசி விட்டுப்போன புள்ளைங்க கொஞ்சம் இருக்கு, கூட்டத்தோட கூட்டமா வந்தா போட்டு விட்டுருவோம்னு கேட்டாங்க. அதுக்கு கமிட்டியில சொன்ன பதில், "ஆத்தா சன்னிதியில அம்மைக்கு ஊசியா, நல்லாவா இருக்கும்?" அவ்வளவுதான். அந்தம்மா ஒன்னும் எதிர்த்துப் பேசல, கையில வெச்சிருந்த நோட்ட மூடி பையில போட்டுக்கிட்டு போயிட்டாங்க. நானும் அங்கதான் சீரியல் செட்டு பல்ப எண்ணிக்கிட்டு நின்னேன். வாயத் தொறக்கல. ஒரு வருசமா அது உறுத்திக்கிட்டே இருக்கு.

யார் சொன்னதுன்னு நான் இங்க எழுதப் போறதில்ல, அது தனி ஒருத்தரோட பேச்சும் இல்ல, நம்மள்ல நெறைய பேருக்கு மனசுல இருக்கறதுதான். கோயில் ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம், ரெண்டும் ஆகாதுன்னு. எங்க பாட்டி கதையக் கேட்டா அப்புடித் தோணாது, அதனால மொதல்ல அதச் சொல்லிடுறேன்.

பாட்டி இதே அம்மாபேட்டையில தறி வீட்டுல பொறந்து வளந்தது. அப்ப எல்லாம் குழித்தறி, வீட்டுக்கு ரெண்டு தறி மூனு தறி ஓடும், தெருவுல நடந்தா ரெண்டு பக்கமும் சத்தம்தான். அந்த சத்தம் திடீர்னு ஒரு வீட்டுல நிக்கும், அடுத்த வீட்டுல நிக்கும், அப்புடியே வரிசையா நின்னுக்கிட்டே வந்தா பெரியம்மைக்குத் தடுப்பு மருந்து வெக்கிற அம்மை குத்துறவரு தெருவுக்குள்ள நொழஞ்சுட்டாருன்னு அர்த்தமாம். சைக்கிள்ல ஒரு ஆளு, கூட ஒரு பியூன். உடனே அவங்கவங்க புள்ளைங்கள இழுத்துட்டு வந்து தறிக்குழிக்குள்ள எறக்கி விட்டுருவாங்க, மிதிகட்டைக்குப் பக்கத்துல சுருண்டு ஒக்காந்துக்கணும், மேல அப்பாவோ சித்தப்பாவோ காலத் தொங்கப் போட்டு ஒன்னுமே நடக்காத மாதிரி நாடாவ ஓட்ட ஆரம்பிச்சுருவாங்க. அப்ப மறுபடியும் தெரு பூரா தறி சத்தம். அந்த ஆளுக்கும் தெரியும், எத்தன தெரு பாத்திருப்பாரு. தெரிஞ்சு என்ன பண்றது, குழிக்குள்ள குனிஞ்சு பாக்க விடுவாங்களா.

பாட்டி அன்னிக்கு குழாயடியில கொடத்தோட நின்னுக்கிட்டிருந்ததால மாட்டிக்கிச்சு. காசு அகலத்துல வட்டமா முள்ளு வெச்ச ஒரு சாமான், மருந்தத் தடவி அத கையில வெச்சு ஒரு திருகு திருகுனாங்களாம். ரெண்டு எடத்துல. நாலு நாள்ல கொப்புளம் வந்து, சீழ் கோத்து, பொருக்கு தட்டி உதிந்துச்சு, காய்ச்சலும் இருந்துச்சு. இன்னிக்கும் எடது கையில எட்டணா அகலத்துக்கு ரெண்டு தழும்பு, தோலு சுருக்குப் பை மாதிரி இழுத்துக்கிட்டு இருக்கும். (நம்ம தோள்ல இருக்கற சின்னத் தழும்பு இது இல்ல, அது டிபிக்கு போட்ட பிசிஜி. இந்தத் தழும்பு வயசானவங்க கையில மட்டும்தான் இருக்கும். ஏன்னு பின்னாடி சொல்றேன்.)

பாட்டியோட தம்பி, எங்க சின்னத்தாத்தா, அன்னிக்கு குழிக்குள்ள இருந்தாரு. நாலு வயசு. ரெண்டு வருசம் கழிச்சு தெருவுக்கு பெரியம்மை வந்துச்சு, வைசூரின்னு சொல்லுவாங்கல்ல அது. மூனு வீட்டுல வேப்பிலை சொருகினாங்க, நாலாவது எங்க பாட்டி வீடு. ஒரே படுக்கையில தூங்குன அக்கா தம்பி. அக்காவுக்கு ஒன்னும் ஆகல. தம்பிக்கு மூஞ்சி, கை, உள்ளங்கால்னு எடமே இல்லாம முத்து. பொழச்சுக்கிட்டாரு, ஆனா ஒரு கண்ணுல பூ விழுந்துருச்சு, இன்னொன்னுல பாதிதான் தெரியும்.

அவர உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். வருசா வருசம் கூழ் அண்டாவ துடுப்பு போட்டு கிண்டுனது அவருதான். மூஞ்சி பூரா பள்ளம் பள்ளமா இருக்கும், சின்ன வயசுல நாங்க அவரப் பாத்து பயந்து ஓடுவோம், அவரு சிரிப்பாரு. தறியில ஒக்கார முடியல, கண்ணு வேணுமே, ஆயுசு பூரா தடவித் தடவி தறிக்கு நூல் தார் சுத்தித்தான் பொழச்சாரு, கல்யாணம் ஆகல. யாராவது பேச்செடுத்தா, "என்ன ஆத்தா பாத்துட்டா, அம்மை குத்துறவன்தான் பாக்கல" அப்புடிம்பாரு. அவருக்கு ஆத்தா மேல கோவமே இல்லைங்க. அது எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்.

நம்ம வீட்டுல நடந்தது இது. ஆனா இது ஏதோ நம்ம தெருவுக்கு மட்டும் வந்த சோதனை இல்ல. பெரியம்மை வந்தா பத்துல மூனு பேரு செத்துப் போவாங்க, போன நூற்றாண்டுல மட்டும் ஒலகத்துல சுமார் 30 கோடிப் பேர அது கொண்டுபோயிருக்குன்னு கணக்கு சொல்றாங்க, ரெண்டு ஒலகப் போர்ல செத்தவங்கள சேத்தாலும் அந்த அளவு வராது. அது இருந்த காலத்துல, வந்தப்புறம் குணப்படுத்த மருந்துன்னு ஒன்னும் கெடையாது. வராம தடுக்கறது ஒன்னுதான் வழி. கொப்புளத்துக்கு நாம முத்துன்னு பேரு வெச்சோம், ஆத்தாள முத்துமாரின்னு கூப்புட்டோம், அது பயத்துல வெச்ச பேரா பாசத்துல வெச்ச பேரான்னு எனக்குச் சொல்லத் தெரியல, ரெண்டும் கலந்ததா இருக்கும்.

அந்தத் தடுப்பு வந்த வழி நம்ம கமிட்டிக்கு புடிக்கும்னு நெனைக்கிறேன், ஏன்னா அது ஒரு மாட்டுல இருந்து வந்துச்சு. இங்கிலாந்துல எட்வர்ட் ஜென்னர்னு ஒரு டாக்டரு. பால் கறக்கற பொம்பளைங்களுக்கு மாட்டு மடியில வர்ற அம்மை கையில ஒட்டும், லேசா கொப்புளம் வந்து போயிடும், அப்புடி வந்தவங்கள பெரியம்மை தொடறதில்லன்னு அந்த ஊரு ஜனங்களே பேசிக்குவாங்க. 1796 மே மாசம் சாரா நெல்ம்ஸ்னு ஒரு பால்காரப் பொண்ணு கையில இருந்த கொப்புளத்து நீர எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ்னு எட்டு வயசுப் பையன், தோட்டக்காரர் மகன், அவன் கையில கீறி வெச்சாரு. ரெண்டு மாசம் கழிச்சு நெஜமான பெரியம்மை சீழையே வெச்சுப் பாத்தாரு, பையனுக்கு ஒன்னும் வரல. (இன்னிக்கு இப்புடி ஒரு டாக்டர் பண்ணினா நேரா ஜெயில்தான், அது வேற விசயம்.) பசுவுக்கு லத்தீன்ல வாக்கா, வேக்சின்ங்கற பேரே அதுல இருந்து வந்ததுதான். நாம கோபூஜை பண்ற கோயில் வாசல்ல வேக்சின் ஆகாதுங்கறோம்!

ஆறே வருசத்துல, 1802ல, அது பம்பாய் வந்து சேந்துச்சு, மொதல்ல போட்டது மூனு வயசு கொழந்தை ஒன்னுக்கு. அப்புறம் நம்ம மெட்ராஸ்ல கிண்டியில 1899ல கிங் இன்ஸ்டிட்யூட்னு ஆரம்பிச்சு, கன்னுக்குட்டி தோல்ல அம்மைய வளத்து எடுத்து மாகாணம் பூரா அனுப்புனாங்க. ஆனாலும் நூத்தம்பது வருசம் போராட்டம்தான். ஒரு காரணம் தறிக்குழி. இன்னொன்னு வெயிலு. தண்ணியா இருந்த மருந்து நம்ம சேலத்து சித்திரை வெயில்ல என்னத்துக்கு ஆகும், குத்துவாங்க, புடிக்காது, ஜனங்க "குத்தியும் வந்துருச்சே"ம்பாங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருந்துச்சு. 1950கள்ல உறைய வெச்சு உலத்துன பவுடரா பண்ற முறை வந்துச்சு, சூட்டுலயும் ஒரு மாசம் தாங்கும், அப்புறம் நுனியில ரெட்டைக் கவை வெச்ச ஊசி வந்துச்சு, ஒரு சொட்டு அதுல நின்னுக்கும், பதினஞ்சு தடவ லேசா குத்துனா போதும், மருந்தும் கால்வாசிதான் செலவு. கண்டுபுடிப்புன்னா ஏதோ பெரிய மிஷின்னு நெனப்போம், பாருங்க, ஒரு ஊசி நுனிய பொளந்ததுதான்.

அதுக்கப்புறம் சுகாதாரத் துறைக்காரங்க பண்ணின வேலதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. எல்லாரையும் தேடித் தேடி குத்தறத மட்டும் நம்பாம, அம்மை வந்த வீட்டக் கண்டுபுடி, அந்த வீட்டச் சுத்தி இருக்கறவங்களுக்கு மொதல்ல போடு, பரவ எடமே இல்லாம வளைச்சுடுன்னு மாத்துனாங்க. அம்மை வந்த கொழந்தையோட படம் போட்ட அட்டைய கையில வெச்சுக்கிட்டு சந்தையிலயும் பள்ளிக்கூடத்துலயும், "இந்த மாதிரி யாருக்காச்சும் இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டே போனாங்க, தகவல் சொன்னா பரிசுப் பணம், கடைசியில ஆயிரம் ரூவா வரைக்கும் போச்சு, 1975ல ஆயிரம் ரூவான்னா யோசிச்சுக்குங்க. அதுக்கு மொத வருசம், 1974ல, இந்தியாவுல ஒன்னேமுக்கா லட்சம் பேருக்கு மேல பெரியம்மை, பெரும்பாலும் பீகார் பக்கம். 1975 மே மாசத்தோட சரி. பூஜ்யம். ஒரே வருசத்துல. நம்ம பக்கம் அதுக்கும் முன்னாடியே நின்னுபோச்சு. 1980 மே 8ஆம் தேதி ஒலகத்துலயே இல்லன்னு ஒலக சுகாதார நிறுவனம் அறிவிச்சுச்சு. அதனாலதான் இன்னிக்கு புள்ளைங்களுக்கு அந்த ஊசியே கெடையாது, பாட்டி கையில இருக்கற தழும்பு எங்கப்பாவோட நின்னுருச்சு, என் கையில இல்ல, எம்பொண்ணு கையில இல்ல. ஒரு ஊசி தனக்கே வேலை இல்லாம பண்ணிட்டுப் போயிருக்கு.

இதுல பெரியவங்க கவனிக்க வேண்டியது ஒன்னு. வேப்பிலை கட்டுன வீட்டுக்கு வெளியாளு போகக்கூடாது, அந்த வீட்டு ஆளு வெளியூர் போகக்கூடாது, துணி தனி, படுக்கை தனி, தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் எல்லாம் நிறுத்தி வைக்கணும், இத நம்ம பாட்டன் முப்பாட்டன் ஆத்தா பேரச் சொல்லி பண்ணினாங்க. அந்த அட்டைய தூக்கிக்கிட்டு அலைஞ்சவங்களும் அம்மை வந்த வீட்ட அப்புடித்தான் கட்டிக் காத்தாங்க, வாசல்ல காவல் கூட போட்டாங்க. இதுல சண்டை எங்க இருக்கு? அம்மை போனதுக்கப்புறம் ஆத்தாவும் போயிட்டாளா? கோட்டை மாரியம்மன் கோயில்ல ஆடிக்கு நிக்கற கூட்டத்தப் பாருங்க, எட்டுப்பேட்டை மாரியம்மனுக்கும் பொங்கல் வைக்கறதப் பாருங்க, பெரியம்மை இருந்த காலத்துல இவ்ளோ சந்தோசமா ஆடி வந்திருக்குமா? பயந்து பயந்து கும்புட்டவங்க, இப்ப புள்ளைங்களுக்கு புதுத்துணி போட்டு கூட்டிட்டு வர்றோம்.

இன்னொருத்தர் கதை. ஒலகத்துலயே கடைசியா இயற்கையா பெரியம்மை வந்தது சோமாலியாவுல அலி மாவ் மாலின்னு ஒரு ஆஸ்பத்திரி சமையல்காரருக்கு, 1977 அக்டோபர்ல. ஆஸ்பத்திரியில வேலை, ஆனா ஊசி போட்டுக்கல, ஏன்னா வலிக்கும்னு பயம். பொழச்சுக்கிட்டாரு. அப்புறம் வயசான காலத்துல போலியோ சொட்டு மருந்துக்கு ஊர் ஊரா போயி, வேண்டாம்னு சொல்ற அம்மாக்கள்கிட்ட தன் கதையச் சொல்லி சம்மதிக்க வெச்சாரு, 2013ல அந்த வேலையில இருக்கும்போதே மலேரியா வந்து எறந்து போனாரு. எங்க சின்னத்தாத்தாவும் அவரும் ஒரே திண்ணையில ஒக்காந்து பேசியிருந்தா எப்புடி இருக்கும்னு நெனச்சுக்குவேன்.

சரி, ஊருக்கெல்லாம் சொல்றானே இவன் ஒழுங்கான்னு கேப்பீங்க. இல்லைங்க. எம்பொண்ணுக்கு ஒம்பதாம் மாசம் போட வேண்டிய தட்டம்மை ஊசிய சளி, காய்ச்சல்னு தள்ளிப் போட்டோம், தள்ளிப் போட்டதயே மறந்துட்டோம். 2017 பிப்ரவரியில தமிழ்நாடு பூரா 15 வயசு வரைக்கும் எல்லாருக்கும் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டாங்களே, ஸ்கூலுக்கே வந்து போட்டாங்க, அப்ப வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட்டு சுத்துச்சு, போடாதீங்க போடாதீங்கன்னு ஒரு அம்மா அழுவாங்க, யாரு என்னன்னு ஒன்னும் தெரியாது, அத நம்பி நான் ஸ்கூலுக்கு லெட்டர் எழுதிக் குடுத்தேன், எங்க புள்ளைக்கு வேண்டாம்னு. இந்தக் கைதான் எழுதுச்சு. ரெண்டு வருசம் கழிச்சு அவளுக்கு தட்டம்மை வந்துச்சு, நாங்க மணல்வாரிதானே, தானா எறங்கிடும்னு வேப்பிலை போட்டு படுக்க வெச்சோம், அஞ்சாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பிச்சப்பதான் தூக்கிட்டு ஓடுனோம். நிமோனியா. எட்டு நாளு ஆஸ்பத்திரி. காதுலயும் சீழ் புடிச்சு, இன்னிக்கு வரைக்கும் எடது பக்கம் கூப்புட்டா அவ திரும்பறது கொஞ்சம் லேட்டாத்தான். வகுப்புல எப்பவும் வலது காது டீச்சர் பக்கம் இருக்கற மாதிரி எடம் புடிச்சு ஒக்காருவா, அவளா கண்டுபுடிச்சுக்கிட்ட வழி.

பாட்டியோட அம்மா தறிக்குழியில ஒளிச்சு வெச்சுது, அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பி.காம். படிச்சவன், நூல் கடையில கணக்கு எழுதறவன். நான் தோண்டுன குழி போன்ல இருந்துச்சு.

தட்டம்மைய லேசா எடுத்துக்காதீங்க, ஊசி வர்றதுக்கு முன்னாடி வருசத்துக்கு 26 லட்சம் பேர் வரைக்கும் ஒலகத்துல அதுல செத்திருக்காங்க, முக்காவாசி கொழந்தைங்க. பரவறதுல பெரியம்மைய விட மோசம், இருமிட்டு ஒருத்தன் ரூம விட்டுப் போயி ரெண்டு மணி நேரம் வரைக்கும் காத்துல நிக்கும். நூத்துக்கு 95 பேரு போட்டிருந்தாத்தான் தெருவுக்குள்ள நொழயாது, கடைசியா விட்டுப்போற அந்தச் சில பேர்லதான் எல்லாம் இருக்கு. அந்தச் சில பேரு யாருன்னு நெனைக்கிறீங்க? புதங்கெழம புதங்கெழம ஊசி போடுறாங்க, ஆனா கொலுசுப் பட்டறைக்கு போற பொம்பளைக்கு புதங்கெழம லீவு போட்டா கூலி போச்சு. வடக்க இருந்து வந்து தறி ஓட்டுற குடும்பத்துக்கு எங்க போயி போடணும்னே தெரியாது. இவங்க எல்லாரும் ஒரே எடத்துக்கு, புள்ளைங்களயும் தூக்கிக்கிட்டு, யாரும் கூப்புடாமயே வர்ற நாள் வருசத்துல ஒன்னுதான், அது நம்ம கூழ் ஊத்துற நாள்.

இன்னொரு கணக்கும் இருக்கு. அந்த மருந்து பாட்டிலக் கலக்கி ஓப்பன் பண்ணிட்டா நாலு மணி நேரத்துக்குள்ள போட்டுத் தீக்கணும், மிச்சம் இருந்தா கொட்டணும். ஒரு புள்ள மட்டும் வந்தா ஒரு பாட்டில் வீணு. கூட்டம் இருந்தா வீணாகாது. போட்டுட்டு அரை மணி நேரம் ஒக்கார வெச்சுப் பாக்கணும்பாங்க, நம்ம மண்டபத்துல ஃபேன் இருக்கு, கூழு இருக்கு, மோரு இருக்கு, இத விட எடம் எங்க கெடைக்கும்?

கேக்கறது இவ்வளவுதான். பூச்சாட்டுக்கு முன்னாடி கமிட்டி கூடும்போது இத ஒரு ஐட்டமா எடுத்து முடிவு சொல்லுங்க. சன்னிதிக்கு நேரா வேண்டாம்னா கெழக்கு வாசப்படி பக்கம் செருப்பு விடற எடத்துக்கு அந்தாண்ட போட்டுக்கலாம், காலையில பத்துல இருந்து ரெண்டு மணி வரைக்கும், ஒரு டேபிளு, நாலு சேரு, தலைக்கு மேல நெழல். சேரு வாடகை நான் குடுத்துடறேன். நர்ஸம்மாகிட்ட நானே போயி பேசறேன், போன வருசத்துக்கு மன்னிப்பும் நானே கேட்டுக்கறேன். மைக்ல ரெண்டு தடவ சொன்னாப் போதும், கூழு வாங்க வர்றவங்க புள்ளைங்களோட ஊசி அட்டையக் கொண்டு வாங்கன்னு, தமிழ்ல ஒருக்கா, வடக்கத்திக்காரங்களுக்காக ஹிந்தியில ஒருக்கா, நம்ம பஸ்டாண்டு பேக்கரி தம்பிக்கு ஹிந்தி வரும்.

பாட்டிகிட்ட சொன்னேன். வருதாம். டேபிளுக்குப் பக்கத்துல தனக்கு ஒரு சேரு போடச் சொல்லுது, அழுவற புள்ளைங்களுக்கு கையக் காட்டணுமாம். மண்டபத்து சாவி இப்ப பொருளாளர் மாமாகிட்ட இருக்கா, பூசாரியண்ணன்கிட்ட இருக்கா, அத மட்டும் யாராச்சும் சொல்லுங்க.

இப்படிக்கு,
கூழ் அண்டா கிண்டுனவரோட பேரன்